டீசல் விலைக்கு யார் பொறுப்பு? கணக்கைச் சொல்லிப் பேசுவோம்!

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் 29.04.2022 அன்று பேசியதன் எழுத்து வடிவம். படியுங்கள், பகிருங்கள்.)



ஏப்ரல் 27 அன்னிக்குக் கொரோனா நிலவரம் பத்திப் பேச முதலமைச்சர்களைக் கூட்டினார் பிரதமர். பேச்சோட பேச்சா பெட்ரோல், டீசல் பக்கம் போனார். "நவம்பர்ல நாங்க வரியைக் குறைச்சோம், சில மாநிலங்கள் குறைக்கல"ன்னு தமிழ்நாட்டையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டார். அன்னிக்கு ராத்திரியே அந்த வீடியோ நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துடுச்சு. "பாத்தியா, உங்க ஆட்சிதான் காரணம்"னு.

இதுக்கு மீம் போட்டுப் பதில் சொல்லிடலாம். ஆனா சென்னையில லிட்டர் 100 ரூபாய் 94 காசுக்கு டீசல் போடுற லாரிக்காரருக்கு மீம் எதுக்கு? அவருக்குக் கணக்கு சொல்லணும். அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

முதல் கணக்கு. 2014 மே மாசம் ஒன்றியத்துல ஆட்சி மாறினப்போ டீசல் மேல ஒன்றிய அரசோட கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. அப்போ கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல. 2020 ஏப்ரல்ல அதே கச்சா எண்ணெய் 20 டாலர் வாக்குல விழுந்துச்சு. நியாயமாப் பார்த்தா பங்க்ல விலை பாதியா இறங்கியிருக்கணும். இறங்குச்சா? இல்ல. மார்ச்ல 3 ரூபாய், மே 6-ஆம் தேதி ஒரே ராத்திரியில 13 ரூபாய்னு டீசல் வரியை ஏத்தினாங்க. மொத்தம் 31 ரூபாய் 83 காசு. 2014-ல இருந்ததைப் போலக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு!

ஊரே ஊரடங்குல வீட்டுக்குள்ள இருந்த நேரம். பங்க்ல போர்டு விலை மாறலங்கிறதால யாருக்கும் உறைக்கல. நமக்கு வந்து சேர வேண்டிய விலைக்குறைப்பு அப்படியே வரியாப் போயிடுச்சு. பிறகு கச்சா எண்ணெய் ஏறினப்போ, ஏறின வரி இறங்கல. விலை மட்டும் ஏறுச்சு.

ரெண்டாவது கணக்கு. இதுதான் ரொம்ப முக்கியம், கவனமாக் கேளுங்க. போன நவம்பர்ல 10 ரூபாய் குறைச்ச பிறகும் டீசல் மேல ஒன்றிய வரி 21 ரூபாய் 80 காசு. இதுல மாநிலங்களோட பங்கு போட்டுக்கிற அடிப்படைக் கலால் வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 80 காசு. மீதி 20 ரூபாயும் செஸ், சிறப்புக் கூடுதல் வரின்னு வேற வேற பேர்ல வசூல் ஆகுது. அதுல மாநிலத்துக்குச் சல்லிக்காசு பங்கு கிடையாது.

அந்த 1 ரூபாய் 80 காசுல எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து 41 சதவீதம். அதுல தமிழ்நாட்டோட பங்கு 4.079 சதவீதம். கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கிப் பாருங்க. லிட்டருக்கு 3 காசு! நம்ம ஊர் பங்க்ல 21 ரூபாய் 80 காசு வசூல் பண்ணிட்டு 3 காசு தர்றவங்கதான் "மாநிலம் குறைக்கட்டும்"னு சொல்றாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான்.

மாநிலம் வரி வாங்கலையான்னு கேப்பாங்க. வாங்குது. 11 சதவீதமும், அது போக லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். இது 2020 மே மாசம் முந்தைய ஆட்சி வெச்ச விகிதம். நம்ம அரசு வந்து ஒரு காசு கூட ஏத்தல. 2021 ஆகஸ்ட்ல, அதாவது ஒன்றிய அரசு குறைக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடியே, பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைச்சோம். வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் இழப்புன்னு தெரிஞ்சேதான் குறைச்சோம்.

நவம்பர்ல ஒன்றிய அரசு டீசலுக்குக் குறைச்சது 10 ரூபாய். ஆனா சென்னையில விலை 102.59-ல இருந்து 91.43-க்கு வந்துச்சு. 11 ரூபாய்க்கு மேல. அந்த மிச்சம் எங்கிருந்து வந்துச்சு? ஒன்றிய வரி மேலயும் சேர்த்துத்தான் மாநில வரி கணக்காகுது. அவங்க வரி இறங்கினா நம்ம வரியும் தானா இறங்கும். ஆக, டீசல்லயும் தமிழ்நாடு விட்டுக்கொடுத்திருக்கு.

"டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம்னு தேர்தல் அறிக்கையில சொன்னீங்களே?"ன்னு கேட்டா மழுப்பாதீங்க. ஆமா, சொன்னோம். அது மக்களுக்குத் தந்த வாக்கு. நம்ம அரசுக்கு இன்னும் ஒரு வயசு கூட முடியல. கஜானாவைக் காலியா வெச்சுட்டுப் போனதை வெள்ளை அறிக்கையில எல்லாரும் பார்த்தோம். கேக்கிறவங்க உரிமையாக் கேக்கட்டும், நாமளும் நம்ம அரசுகிட்டக் கேப்போம். ஆனா 4 ரூபாயைக் கேக்கிறவங்க 21 ரூபாய் 80 காசையும் கேக்கணும் இல்லையா?

அடுத்து "எண்ணெய்ப் பத்திரம்" கதை. காங்கிரஸ் ஆட்சியில வாங்கின கடனை அடைக்கத்தான் வரின்னு சொல்வாங்க. அந்தப் பத்திரங்களுக்கு வருஷ வட்டி சுமார் 10,000 கோடி ரூபாய். பெட்ரோல், டீசல் கலால் வரியில 2020-21 ஒரே வருஷத்துல அவங்க வசூல் பண்ணது 3.35 லட்சம் கோடி. நாடாளுமன்றத்துல அவங்களே கொடுத்த கணக்கு இது. 10,000 கோடி எங்க, 3.35 லட்சம் கோடி எங்க!

"விலையை நிர்ணயிக்கிறது சந்தை, நாங்க இல்ல"ன்னும் சொல்வாங்க. அப்படியா? நவம்பர் 4-ல இருந்து மார்ச் 22 வரை 137 நாள் விலை அசையவே இல்ல. நடுவுல பிப்ரவரி 24 அன்னிக்கு உக்ரைன் போர் ஆரம்பிச்சு, கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டிப் போச்சு. அப்பவும் அசையல. ஏன்னா உத்தரப்பிரதேசம் உட்பட அஞ்சு மாநிலத்துல தேர்தல். மார்ச் 10 ரிசல்ட் வந்துச்சு. மார்ச் 22-ல இருந்து 16 நாள்ல 14 தடவை ஏத்தி, லிட்டருக்கு 10 ரூபாய் கூடிப்போச்சு. சந்தைக்கு ஓட்டுப்பெட்டி எப்படிங்க தெரியும்?

இந்த 10 ரூபாய் யார் தலையில விழுதுன்னும் பாருங்க. நாமக்கல்ல இருந்து சென்னைக்குச் சுமார் 370 கிலோமீட்டர். லோடு லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தா 90 லிட்டருக்கு மேல ஆகும். ஒரு நடைக்கு 900 ரூபாய் கூடுதல் செலவு. லாரிக்காரர் அதை எங்க போய்ச் சொல்வார்? வாடகையில ஏத்துவார். அது காய்கறியில, அரிசியில, செங்கல்லுல வந்து உக்காரும். டிராக்டர் உழவுக்கும் கதிர் அறுக்கிற மெஷினுக்கும் மணிக்கணக்கு வாடகை ஏறும். சைக்கிள் கூட இல்லாத வீட்டுலயும் டீசல் வரி கட்டுறாங்க, அது அவங்களுக்கே தெரியாது.

மீனவர்களுக்கு விசைப்படகுக்கு வருஷம் 18,000 லிட்டர், நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் மாநில வரி இல்லாம டீசல் தருது தமிழ்நாடு. இவ்வளவு விலை ஏறியும் அரசு பஸ் கட்டணத்தை ஏத்தல. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அடி விழுறப்போ கையைக் குறுக்கே கொடுத்துத் தாங்குறது மாநிலம். அடிக்கிற கை எதுன்னு மக்களுக்குக் காட்டுறது நம்ம வேலை.

அதனால இந்த வாரம் யார் கேட்டாலும் கோபப்படாதீங்க, கேலி பண்ணாதீங்க. மூணே எண்ணைச் சொல்லுங்க. அன்னிக்கு 3 ரூபாய் 56 காசு. இன்னிக்கு 21 ரூபாய் 80 காசு. அதுல தமிழ்நாட்டுக்கு வர்றது 3 காசு. அதுக்கப்புறம் யார் பொறுப்புன்னு அவங்களே சொல்லட்டும்.



#டீசல்விலை #ஒன்றியவரி #தமிழ்நாட்டுக்கு3காசு