1986ஆம் ஆண்டு விலையில் அளக்கப்படும் இன்றைய நெல்
(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்திய உரையின் ஒரு பகுதி)



உலகப் பொருளாதாரம் மாறிவிட்டது. ஆகவே மின்னணு வணிகம் போன்றவற்றுக்குப் புதிய வர்த்தக விதிகள் வேண்டும் என்று வளர்ந்த நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் இடைவிடாது வலியுறுத்துகின்றன. ஆனால் பழைய விதி ஒன்றைத் திருத்த மட்டும் அவை இசைவதில்லை. அதைப் பற்றிப் பேசுவோம்.

அரசு விவசாயியிடம் ஆதரவு விலைக்கு நெல் வாங்கி ரேஷன் கடைக்கு அனுப்புகிறது. இதில் மானியம் எவ்வளவு? வேளாண்மை ஒப்பந்தம் இன்றைய ஆதரவு விலையை இன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுவதில்லை. 1986-88ஆம் ஆண்டுகளின் சராசரி விலையோடு ஒப்பிடுகிறது. அந்த வித்தியாசத்தை, ஆதரவு விலை பெறத்தக்க விளைச்சலின் அளவால் பெருக்கினால் கிடைப்பதே மானியமாம். முப்பதாண்டுக்கும் மேலான விலைவாசி உயர்வு முழுவதும் விவசாயிக்கு அள்ளிக் கொடுத்த மானியமாகிவிடுகிறது! அளவுமீறிய பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி உண்டு. அந்த வரியால் நமக்கு விடிவு பிறக்கவில்லை.

வளரும் நாடுகளுக்கு உச்சவரம்பு, பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம். 2018-19இல் இந்திய அரிசியின் உற்பத்தி மதிப்பு சுமார் 4,367 கோடி டாலர். இக்கணக்கின்படி மானியம் 500 கோடி டாலர். வரம்பு மீறப்பட்டது. 2013 பாலி மாநாட்டில் பெற்ற ‘சமாதான விதி’யைக் காட்டித்தான் இந்தியா வழக்கிலிருந்து காத்துக்கொண்டது.

அமெரிக்காவின் உணவுக் கூப்பன் திட்டத்துக்கோ வரம்பே கிடையாது. அரசு சந்தை விலைக்கு வாங்கி ஏழைக்குக் கொடுத்தால் குற்றமில்லை. விவசாயிக்கு உறுதியான விலை கொடுத்து வாங்கினால்தான் குற்றம். விதியின் வர்க்கச் சார்பு இங்கேதான் வெளிப்படுகிறது.

இன்னொன்று. சமாதான விதி, 2013இல் நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும். தில்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேல் போராடிய விவசாயிகள் கோரிய சட்டபூர்வ விலை உத்தரவாதத்தை நாளை வென்றெடுத்துப் புதிய கொள்முதல் திட்டங்கள் வந்தால், அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நிரந்தரத் தீர்வுக்குக் குறித்த கெடு 2017. அவ்வாண்டு புவனோஸ் அயர்ஸிலும் தீர்வில்லை, 2024இல் அபுதாபியிலும் இல்லை.

2014இல் மோடி அரசு வர்த்தக வசதி ஒப்பந்தத்தைத் தடுத்து நின்றது. அதனால்தான் சமாதான விதி காலவரையின்றி நீண்டது. அதே அரசுதான் 2020இல் மூன்று வேளாண் சட்டங்களைக் கொண்டுவந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

நமது கோரிக்கை தெளிவானது. ஒப்பீட்டு விலை அண்மை ஆண்டுகளின் சராசரியாக வேண்டும். 2013க்குப் பிந்தைய திட்டங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். இவை கிடைக்கும்வரை மின்னணு வணிக விதிகளில் இந்தியா கையெழுத்திடக் கூடாது.