ஒற்றைத் தலைவலியும் பக்கவாதமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் நிகழ்ந்ததை முதலிற் கூறுகிறோம். அவ்வீட்டு அம்மையார் பள்ளி ஆசிரியை. அப்பொழுது அவருக்கு வயது 34. பதினாறாம் வயது முதல் அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி தொடங்குமுன் கண்ணெதிரே கோட்டைக் கொத்தளம் போல் வளைந்து நெளிந்த ஒளிக்கோடு ஒன்று தோன்றி மின்னும். சிறிது சிறிதாகப் பெருகும். இருபது நிமிடத்தில் மறையும். பின்னர்த் தலை பிளக்கும். இருட்டறையிற் படுத்து, இருமுறை வாந்தி எடுத்து, உறங்கி எழுந்தால் மறுநாள் பள்ளிக்குச் சென்றுவிடுவார். வீட்டார் இதற்குப் பழகிவிட்டனர்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் காப்பித் தம்ளரை எடுத்தவர் அதை நழுவவிட்டார். வலக்கை சட்டெனத் துவண்டது, பேச்சுக் குழறியது, தலைவலியும் இருந்தது. ‘எப்பொழுதும் வருவதுதானே’ என்று எண்ணிய வீட்டார், நெற்றியில் தைலம் தடவி, விளக்கை அணைத்து, அவரைப் படுக்க வைத்தனர். அன்பினாற் செய்த காரியம். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மாலை நான்கு மணிக்கு எழுப்பியபொழுது கை எழவேயில்லை. எம்மிடம் அவரைக் கொணர்ந்தபொழுது ஒன்பது மணி நேரம் கடந்துவிட்டது. மூளைக் குழாயில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். பெரிய குழாய் அடைபட்டவர்களுள் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் கட்டியை உள்ளிருந்தே இழுத்தெடுக்கும் வழி உண்டு. இவருக்கு அடைபட்டிருந்ததோ ஒரு சிறு கிளை.

இவ்விரு நோய்களுக்கும் உள்ள தொடர்பு என்ன? ஒற்றைத் தலைவலி உடையார் அனைவரும் அஞ்ச வேண்டுமா?

ஒற்றைத் தலைவலி புதிய நோயன்று. சுசுருத சம்ஹிதையில் தலை நோய்களின் வரிசையில் ‘அர்த்தாவபேதகம்’ என்று, பாதித் தலையைப் பிளக்கும் நோய் ஒன்று கூறப்பட்டுள்ளது. அது இதுவே என்பர். ஆடவரைவிடப் பெண்களுக்கு இது ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி. நோயாளருள் மூன்றிலொரு பங்கினர்க்கு, அல்லது அதனினும் சற்றுக் குறைவானவர்க்கு, வலிக்கு முன்னர் அந்த ஒளிக்கோடோ, கை விரலிலிருந்து முகம் வரை ஊர்ந்தேறும் மரமரப்போ தோன்றும். மருத்துவர் இதனை ‘ஆரா’ என்பர். நாம் முன்னறிகுறி என்று வழங்குவோம். இன்றைய பேச்சின் உயிர்நிலை இம்முன்னறிகுறியே.

இதை முதலில் நன்கு படம் வரைந்து காட்டியவர் ஹ்யூபர்ட் ஏரி என்னும் ஆங்கில மருத்துவர், ஆண்டு 1870. அவருடைய தந்தையார் ஜார்ஜ் ஏரி இங்கிலாந்தின் அரச வானநூலறிஞர். அவருக்கும் இதே காட்சி தோன்றியதுண்டு. 1865ஆம் ஆண்டிலேயே அதனைப் பற்றி எழுதினார். விண்மீன்களை அளந்தவர் தம் கண்ணுள் தோன்றிய ஒளியையும் விட்டு வைக்கவில்லை! 1941இல் அமெரிக்க உளநூலார் கார்ல் லாஷ்லி, தமக்கு வந்த ஒளிக்கோடு எவ்வளவு விரைவில் பரவுகிறது என்று கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வீதம் நகர்கிறது என்று கண்டார். மூன்றே ஆண்டுகளில் பிரேசில் நாட்டு லியோ என்பவர், முயலின் மூளையில் நரம்பணுக்களின் மின்செயல் ஓர் அலைபோல் அடங்கிக்கொண்டே பரவுவதைக் கண்டறிந்தார். அதன் விரைவும் ஏறத்தாழ அதுவே. ஒளிக்கோட்டின் பிறப்பிடம் கண்ணன்று, மூளையே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இந்த மெதுவான நடைதான் நமக்குப் பயன்படும் செய்தி. முன்னறிகுறி ஊர்ந்து வருவது. ஐந்து நிமிடமேனும் எடுத்துக்கொண்டு படிப்படியாய்ப் பரவும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீங்கும். மேலும் அது இல்லாத ஒன்றைச் சேர்ப்பது: ஒளி, மினுமினுப்பு, ஊசி குத்தும் உணர்வு. பக்கவாதமோ இருப்பதைப் பறிப்பது. இக்கணம் இருந்த பார்வை மறுகணம் இல்லை, கை வலிவு இல்லை, சொல் இல்லை. தில்லி அம்மையாருக்கு அன்று காலை ஒளிக்கோடு தோன்றவேயில்லை. பதினெட்டு ஆண்டுகளாக வந்த விருந்தாளி அன்று வந்தானல்லன், வேறொருவன் வந்தான். எனினும் இவ்வேறுபாடு எல்லா நேரத்திலும் தெளிவாய் இராது. தேர்ந்த மருத்துவரும் படம் எடுத்துப் பார்த்த பின்னரே உறுதி கூறுவர். ஐயம் இருப்பின் அதைப் பக்கவாதமாகவே கொண்டு விரைதல் நன்று.

இனித் தொடர்பைப் பார்ப்போம். முன்னைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2009ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கின்படி, முன்னறிகுறியுடன் கூடிய ஒற்றைத் தலைவலி உடையார்க்கு, குழாய் அடைப்பினால் உண்டாகும் பக்கவாதம் ஏனையோரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. முன்னறிகுறி இல்லாதவர்க்கு அத்தகைய தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை. இரு மடங்கு என்றவுடன் எவரும் நடுங்க வேண்டுவதில்லை. இளம் பெண்களுக்குப் பக்கவாதம் வருவதே மிக அரிது. கொஞ்சத்தின் இரு மடங்கும் கொஞ்சமே.

ஆனால் இதனோடு வேறு சில சேரும்பொழுதுதான் நிலைமை மாறுகிறது. 1995இல் பிரான்சு நாட்டில், 45 வயதுக்குட்பட்ட பெண்களிடையே நடந்த ஆய்வு ஒன்றில், ஒற்றைத் தலைவலியோடு நாளும் இருபது சிகரெட்டுக்குக் குறையாமற் புகைப்பவர்க்கு இடர் பதின்மடங்காகவும், கருத்தடை மாத்திரை உண்பவர்க்கு ஏறத்தாழ 14 மடங்காகவும் காணப்பட்டது. சிறிய ஆய்வு அது. எண்களை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டா. ஆயினும் அது சுட்டும் திசை தவறன்று. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இரத்தம் உறைவதற்கு ஓரளவு துணை செய்வது. ஆகவே, முன்னறிகுறியுடன் ஒற்றைத் தலைவலி வருவோர் எவ்வயதினராயினும் இக்கலப்பு மாத்திரையை உண்ணலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. நம் அரசு வழங்கும் மாலா-என் இவ்வகையைச் சேர்ந்ததே. காப்பர்-டி உண்டு, லக்னோவின் மத்திய மருந்தாராய்ச்சி நிலையத்திற் பிறந்த, ஹார்மோன் அல்லாத ‘சாயா’ மாத்திரையும் உண்டு. எனவே மாற்று வழி இல்லாமலில்லை. கேள்வி கேட்பார்தாம் இல்லை. நம் ஆசிரியை இரண்டாண்டுகளாகக் கடையில் வாங்கிக் கலப்பு மாத்திரை உண்டு வந்தார். ‘உங்கள் கண்முன் ஒளி தெரிவதுண்டா?’ என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. அதுவும் இதுவும் ஒன்றோடொன்று இயைந்தவை என்று அவரும் அறிந்தாரில்லை.

நம் நாட்டுக்கு உரிய மற்றொரு செய்தியையும் இடையிற் கூற வேண்டும். பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் புதிதாய் வரும் கடுந்தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று தள்ளிவிடலாகாது. மூளையிலிருந்து இரத்தத்தை வடிக்கும் நாளங்கள் அடைபடுவதால் அது வரக்கூடும். இந்திய மருத்துவமனைகள் இந்நோயை நெடுங்காலமாய் அறியும். பிரசவித்தவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இதற்கு இடங்கொடுக்கிறது என்பது மருத்துவர் பலரின் கருத்து. பாட்டிமார் மன்னிப்பார்களாக, தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல். எர்காட் வகையும், 1990களில் வந்த டிரிப்டான் வகையும் இரத்தக் குழாயைச் சுருக்குபவை. பக்கவாதமோ மாரடைப்போ ஒருமுறை வந்தவர்க்கு அவை ஆகா. ஏனைய வலி மாத்திரைகளை மாதத்திற் பாதி நாள் விழுங்கினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். இரத்த அழுத்தத்தை ஆண்டுக்கொரு முறையேனும் அளந்து, மிகுந்திருப்பின் அடக்குதல், புகையை விடுதல் ஆகியவை தலைவலிக்காரர்க்குப் பக்கவாதத்தைத் தடுக்க எந்த விலையுயர்ந்த மருந்தையும்விடப் பெரிதும் உதவுவன.

முகம் ஒருபுறம் கோணினாலும், இரு கைகளையும் உயர்த்தும்பொழுது ஒன்று தாழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், தலைவலி இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்து கொண்டிராமல் 108ஐ அழைத்து, தலையைப் படம் பிடிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு செல்லல் வேண்டும்; மருத்துவர் முதலிற் கேட்பது அதுவே.

அந்த ஆசிரியைக்குப் பேச்சு மூன்று மாதங்களில் திரும்பிற்று. வலக்கையாற் கரும்பலகையில் எழுத ஓராண்டாயிற்று. எழுத்து முன்போல் வட்டமாயில்லை என்பார். மாத்திரையை விட்டுவிட்டார். ஒளிக்கோடு இன்னும் அவ்வப்பொழுது வருகிறது. வந்தவுடன் அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கணவர் அருகில் வந்து, இரு கைகளையும் உயர்த்திக் காட்டச் சொல்கிறார்.