நடுராத்திரியில் தட்டப்படும் கதவு
(மேலூர் கூட்டத்தில் பேசியது)



பக்கத்து மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று சிந்திய ரத்தத்தை ஆண்டுதோறும் பேசுகிறோம். நம் வீட்டுக்குள் சிந்துகிற ரத்தத்தை மட்டும் 'குடும்ப விஷயம்' என்கிறோம். ஊர்க்காரன் அடிச்சா வன்கொடுமை, நாம அடிச்சா உரிமையா?

ஒரு ராத்திரி என் அக்கா கட்டுன சேலையோட வாசல்ல வந்து நின்னா. 'காலைல பேசிக்கலாம், போ' என்று அனுப்பியவன் நான்தான். அம்பேத்கரைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவன். அன்றைக்கு மறுபடியும் அடி வாங்கினாள்.

அவளிடம் கற்றதைச் சொல்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ் நகல்களும் கொஞ்சம் பணமும் முன்கூட்டியே நம்பகமான வேறொரு வீட்டில் இருக்கட்டும். எந்த வழியாக, யார் வீட்டுக்குப் போவது? பகலிலேயே முடிவு செய்யுங்கள். சத்தம் கேட்டால் உதவிக்கு ஓடிவர அண்டைவீட்டாரிடம் சொல்லி வையுங்கள். காயத்துக்கு அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குங்கள், அது சாட்சி.

வங்கியில் நான் பார்ப்பது: கணக்கு அவள் பேரில், ஏடிஎம் கார்டும் எஸ்எம்எஸ் போகிற போனும் புருஷன் கையில். கிளைக்கு நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் மாற்றலாம்.

181க்குக் கூப்பிடலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு யார் பேரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே வாழும் உரிமை உண்டு. பெண்களுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு.

ஆனால் சட்டம் வரும்வரை ஒரு ராத்திரியைக் கடக்கணுமே? தெருவுக்கு ஒரு கதவாவது அவளுக்குத் திறக்கட்டும். 'காலைல பேசிக்கலாம்'னு யாரும் சொல்லிடாதீங்க.