ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது இதுதான்.

என் ஐ5-9600கே-வை டிசம்பர்ல 5 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டில் ஓட்டினேன். ஏர் கூலர்தான், பிரச்சினையே இல்ல. மே மாசம், ஏசி இல்லாத என் சென்னை ரூம்ல, கம்பைல் பாதியில் பாதியில் நின்னுச்சு. என் கோடுலதான் பக் இருக்குன்னு ரெண்டு ராத்திரி தேடினேன்! கடைசியில் டெம்பரேச்சரைப் பார்த்தா 97 டிகிரி. 100-ஐத் தொட்டாதான் இந்த சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதுக்கு முன்னாடியே கணக்கைத் தப்பாப் போட ஆரம்பிச்சிருக்கு.

லிக்விட் கூலர் வாங்கலாம்னு கிளம்பினேன். ஆனா அந்தத் தண்ணியும் ரேடியேட்டர் வழியா அதே ரூம் காத்துலதான் சூட்டை விடணும். சூடோ வோல்ட்டேஜின் வர்க்கக் கணக்கில் ஏறும். அதனால 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டுக்கு இறக்கினேன். கணக்குப்படி சூடு சுமார் 18 சதவீதம் குறையணும். இப்போ 86 டிகிரியைத் தாண்டறதில்ல, கம்பைலும் நிக்கல. கூலர் காசு மிச்சம்.