தேயிலை நாட்டுக்குப் போகிறவர்களுக்கு

(கிட்வாய் நகரில் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் சிலர் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து இலங்கைக்குச் சுற்றுலா புறப்படுகிறார்கள். போகட்டும்! உழைக்கிறவன் ஊர் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கண்டியைப் பாருங்கள், நுவரெலியாவைப் பாருங்கள், தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்தருகே நின்று படம் எடுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த மலை தானாகத் தேயிலை மலை ஆகவில்லை. அதை ஆக்கியவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் ரயில்வே குமாஸ்தா. ரயில் கதையாகவே சொல்கிறேன். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் போட்டது சுற்றுலாவுக்கா? இல்லை, வெள்ளைக்காரனின் காப்பி மூட்டையை இறக்க. அந்தக் காப்பித் தோட்டத்துக்குக் கங்காணிகள் நம் மாவட்டங்களில்தான் ஆள் பிடித்தார்கள். பஞ்சத்தில் அடிபட்ட சனம் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பிச் செடி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று வழி சுலபமாயிற்று.

பாடுபட்டதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1948இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, சான்று காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்குச் சான்று எழுதிக் கொடுத்தவர் யார்? பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு ஓட்டும் போயிற்று.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களையா, மூட்டைகளையா? வந்தவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனவர்கள் மறுபடியும் கொழுந்துக் கூடையையே சுமந்தார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'! அங்கேயே தங்கியவர்களுக்கு முழுத் தீர்வுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது.

இது யாருடைய கதையோ என்று நினைக்காதீர்கள். 2025 ஜூனில் ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிபட்டது. பல்லாண்டு வாழ்ந்த நம் சனத்தில் ஒரு பகுதியினருக்கு நரேலாவில் வீடு. மற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்றார்கள். அங்கும் கேட்டது காகிதம்தான். பிழைக்கப் போன இடத்தில் உழைப்பு மட்டும் போதாது; பட்டியலில் பெயர் வேண்டும், கையில் காகிதம் வேண்டும், பின்னால் சங்கம் வேண்டும். ரேஷன் கார்டையும் ஓட்டர் பட்டியலையும் இந்த மாதமே சரிபாருங்கள்.

இனி, போகிறவர்களுக்கு. கொழுந்து பறிக்கும் அக்காவைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நாள் கூலி 1,000 ரூபாய் என்று அரசிதழில் வரவே 2021 ஆயிற்று. அதிலும் இத்தனை கிலோ பறித்தால்தான் முழுச் சம்பளம் என்ற தகராறு. அவரிடம் கூலியை விசாரியுங்கள், பிள்ளைகளின் படிப்பை விசாரியுங்கள். லயம் காட்சிச் சாலை அல்ல, வீடு. அழைத்தால் உள்ளே போங்கள். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 2025 நவம்பரில் டிட்வா புயலிலும் மலையகம் சரிந்தது. ஆகவே ரயில் ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அந்த மக்களுக்கு வீடும் நிலமும் கிடைத்ததா என்று விசாரித்து வந்து இந்தச் சங்கத்தில் சொல்லுங்கள்.

போய் வாருங்கள்.