மினிட்ஸ் நோட்டில் என் கையெழுத்து



இரட்டைமலை சீனிவாசன் பெயரிலான நினைவுச் சொற்பொழிவு என்றதும் நான் இலக்கியம் பேசுவேன் என்று தோழர்கள் நினைத்திருக்கலாம். ஒரு சங்கத்தின் செயற்குழுவில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் சலிப்பான விஷயம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் நாளை ஆசிரியர் சங்கத்திலோ, வழக்கறிஞர் சங்கத்திலோ, அலுவலர் சங்கத்திலோ ஒரு நாற்காலிக்குப் போவீர்கள். அது எப்படிப்பட்ட நாற்காலி என்று எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

சமூகவியல் முதுகலை முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தேன். அந்தப் பதவி நிர்வாகம் மனமிரங்கிக் கொடுப்பதல்ல. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆவது பிரிவு சொன்னது. அந்தச் சட்டம் யாரைத் தொழிலாளி என்று சொன்னது என்பதையும் கவனியுங்கள். ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் அதில் அடக்கம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கத்துக் காலனிகளிலிருந்து ஷிப்டுக்கு வருகிறவர்கள், எல்லோரையும் கூட்டினால்தான் பல இடங்களில் 500 தேறியது. அவர்கள் தலையை எண்ணித்தான் எங்களுக்கு வேலை கிடைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பெயர் வேண்டாம். செயற்குழுவில் 11 பேர். பெண்கள் இரண்டு பேர், தலித் நான் ஒருத்தி. என் சாதியை யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. "எந்த ஊர்?" என்றார்கள். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார்கள். அதோடு முடிந்தது.

ரோசபெத் மாஸ் கான்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஒரு பெரிய நிறுவனத்தை ஆராய்ந்து 1977இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு குழுவில் ஏறக்குறைய 15 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பவர்களை மற்றவர்கள் தனி மனிதர்களாகப் பார்ப்பதில்லை, ஓர் இனத்தின் அடையாளமாகத்தான் பார்க்கிறார்கள் என்றார். கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்காகப் படித்தேன். செயற்குழுவில்தான் புரிந்தது. நான் பேசினால் 'அவங்க ஆளுங்களுக்காகப் பேசுறாங்க'. பேசாவிட்டால் 'மேடம் ரொம்பப் பக்குவமானவங்க'. பக்குவமானவள் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த வேலைகள்: வரவேற்புரை, நன்றியுரை, குடும்ப விழாவுக்குச் சாப்பாடு ஏற்பாடு. வங்கிக் கணக்கும் மினிட்ஸ் நோட்டும் செயலாளர் வீட்டில் இருந்தன. அடுத்த கூட்டத்தில் எதைப் பேசலாம் என்பதை மூன்று பேர் முன்பே போனில் முடித்துவிடுவார்கள். எனக்கு இருந்தது ஒரு நாற்காலியும் ஆண்டு மலரில் ஒரு புகைப்படமும்தான்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்து ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தை 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடவில்லை. தேர்தலில் வென்றவர், அன்று பதவியில் இருந்தவர், தலித் பெண். ஐந்து நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்த பிறகுதான் அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியே வந்தது. அங்கே தரை. எனக்கு மெத்தை வைத்த நாற்காலி. படித்தவர்கள் சங்கமல்லவா.

இரண்டாவது வருடம் 14 பேர் உறுப்பினராக விண்ணப்பித்தார்கள். எங்கள் வேலையையே செய்கிறவர்கள். ஆனால் சம்பளம் ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் வருகிறது. பெரும்பாலும் ஆதிதிராவிடர் விடுதியில் தங்கிப் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். 'நேரடிப் பணியில் உள்ளவர்' என்று எங்கள் துணை விதியில் ஒரு வரி இருந்தது. எண்ணிக்கைக்கு ஒப்பந்தத் தொழிலாளி வேண்டும், சங்கத்துக்கு ஒப்பந்த அலுவலர் வேண்டாம்.

முதல் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் சேர்க்கலாம் என்றேன். மூன்றாவதில் வாதாடினேன். மூன்று முறையும் நோட்டில் ஏறியது ஒரே வாக்கியம்: 'தகுதி குறித்து விவாதிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது.' யார் என்ன சொன்னார்கள் என்பது இல்லை. மூன்று முறையும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

விண்ணப்பித்த தம்பி ஒருவரைக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் பார்த்தேன். மீஞ்சூர் தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அக்கா, அந்தக் கூட்டத்துல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

சொன்னதைச் சொன்னேன். "அது எதுலயாவது இருக்கா அக்கா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார், அதுதான் தாங்கவில்லை.

இரட்டைமலை சீனிவாசனை அன்றிரவு நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். பிறகுதான் நினைத்தேன். 1891இல் பறையர் மகாஜன சபை, 1893இல் 'பறையன்' இதழ். சங்கமும் எழுத்தும் அவருக்குச் சேர்ந்தே வந்தன. 1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகப் போனார். அதுவும் யாரோ கொடுத்த நாற்காலிதான். அடுத்த வருடமே, பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் ஒடுக்கப்பட்டவர்களை யாரும் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அது அரசாணையாக வெளிவந்தது. பேசிவிட்டு வரவில்லை, எழுத வைத்துவிட்டு வந்தார்.

அம்பேத்கரும் தொழிற்சங்கத்தாரிடம் இதே இடத்தைத்தான் தொட்டார். பம்பாய் ஆலைகளில் நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், எச்சில் தீட்டாகிவிடும் என்று நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களை விடுவதில்லை. 1928 வேலைநிறுத்தக் காலத்தில் இதையும் கோரிக்கைகளில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தினார். சம்பளமும் வேலை நேரமும் எல்லோர் நினைவிலும் இருக்கும். இதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

நான்காவது கூட்டத்தில் நோட்டு என் கைக்கு வந்தது. பேனாவை எடுத்து, கையெழுத்துக்கு மேலே எழுதினேன்: '14 பேரையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒத்திவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.' தேதியும் போட்டேன். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். தலைவர் நிதானமாகச் சொன்னார், "மேடம், நம்ம சங்கத்துல இப்படி வழக்கமில்லையே." செயலாளர் நோட்டை வாங்கி, ஈரம் காய்வதற்குள் மூடினார். அதுவரை என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர்கள் அன்று முதல் 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்த மரியாதைக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த தேர்தலில் என் பெயர் அணிப் பட்டியலில் இல்லை. தனியாக நின்று தோற்றேன். ஆனால் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, 'நோட்டில் உடன்பாடில்லை என்று எழுதியிருக்கிறதே, அது என்ன விவகாரம்?' என்று கேட்டார். அவர் எங்கள் ஆள்கூட இல்லை. வாயால் சொல்லியிருந்தால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? விவாதம் இரண்டு மணி நேரம் ஓடியது. 14 பேரையும் சேர்த்தார்கள், 'இணை உறுப்பினர்' என்று. சந்தா முழுதாக, ஓட்டு கிடையாது.

இதை வெற்றி என்று உங்களிடம் விற்க மாட்டேன். அவர்கள் சேர்ந்திருக்கக் கூடாது என்று நினைக்கும் தோழர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

சில மாதம் கழித்து அதே தம்பி போன் செய்தார். "சந்தா கட்டிட்டேன்கா. ரசீது குடுக்கல, அப்புறம் வாங்கிக்கன்னு சொல்றாங்க." எழுதிக் கேள் என்றேன். எழுதிக் கேட்டார், பதில் இல்லை. இரண்டாம் முறை அவர் தனியாகப் போகவில்லை. 14 பேரும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடக்கும் இடத்துக்கே போய், மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ரசீது புத்தகத்தைத் தேடி எடுத்துவர ஒன்றரை மணி நேரம் ஆனதாம்.