சில்லாய் கலான்: காஷ்மீரத்துக் கிராமத்தில் ஒரு குளிர்காலம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆப்பிள் வணிகக் கணக்குப் பணி நிமித்தம், சோப்பூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் நான் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தேன். அதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடும் நமக்கு அக்குளிரைச் சொல்லி விளக்குவது எளிதன்று.

‘சில்லா’ என்ற சொல் நமக்குப் புதிதன்று. நாற்பது நாட்களைக் குறிப்பது. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாட்களை அம்மக்கள் ‘சில்லாய் கலான்’, அதாவது பெரிய நாற்பது, என்பர். அதன்பின் இருபது நாட்கள் ‘சில்லாய் குர்த்’. கடைசிப் பத்து நாட்கள் ‘சில்லாய் பச்சா’. 2024 டிசம்பரில் ஸ்ரீநகரில் ஓரிரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 8.5 பாகைக்கு இறங்கியது. அத்தகைய இரவுகளில் குழாய்த் தண்ணீர் குழாயிலேயே உறைந்துவிடும். காலையில் தீ காட்டி உருக்கினால்தான் ஒரு குடம் கிடைக்கும்.

பனி விழுந்து ஜம்மு நெடுஞ்சாலை அடைபட்டால் காய்கறி வராது. ஆகவே கோடையிலேயே சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி ஆகியவற்றை அரிந்து, நம் வீட்டு வற்றல் போல் காயவைத்து விடுகின்றனர். இலையுதிர் காலத்தில் பெண்கள் சினார் மரத்துச் சருகுகளைக் கூட்டிக் குவித்து எரித்து, நீர் தெளித்துக் கரியாக்குவர். அக்கரி காங்கிரிக்கு.

காங்கிரி என்பது பிரம்பு போன்ற மிலாறுகளால் பின்னிய கூடைக்குள் அமைந்த மண்சட்டி. அதில் தணலிட்டு, ‘பெரன்’ எனும் நீண்ட அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக் கொள்வர். வெளியில் பார்ப்பவர்க்கு ஊரே கர்ப்பிணிகளாய்த் தோன்றும்! ஆனால் அதிலும் கேடு உண்டு. ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட தோலில் தோன்றும் புற்றைப் பற்றி எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866-லேயே எழுதியுள்ளார்.

கிராமத்துப் பள்ளிவாசலே அவ்வூரின் வெதுவெதுப்பான இடம். ஒரு பக்கத்து அறையின் கல் தளத்துக்கு அடியில் வெற்றிடம் விட்டு, அதில் விறகு எரிப்பார்கள். அதற்கு ஹமாம் என்று பெயர். உளூச் செய்ய வெந்நீரும் அங்கேயே. பஜ்ரு முடிந்தபின் முதியோர் எழுந்து போக மனமின்றி அச்சூடான கல்லில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவர். விறகுச் செலவு ஜமாஅத்தாருடையது. நம் நிர்வாகத்தில் மின்கட்டணம் பற்றி எழும் விவாதம் அங்கே விறகைப் பற்றி எழுகிறது.

இனி என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ‘புகாரி’ என்றதும் நமக்கு நபிமொழித் தொகுப்பு நினைவுக்கு வரும். அங்கே அது இரும்புக் கணப்படுப்பின் பெயர். என் அறையில் அது இல்லை. ஆகவே ஒருநாள் இரவு இரண்டு காங்கிரிகளை வைத்து, சன்னல் இடுக்குகளில் துணியைத் திணித்து உறங்கினேன். சஹர் வேளையில் தலை பிளந்தது. எழ முயன்றால் கால் நிற்கவில்லை. நான் விழுந்த சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கதவை உடைத்து வெளியே இழுத்துப் பனியில் கிடத்தினார். கரி குறைவாக எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலேயே போகலாம்.

2025 ஜனவரி 5 அன்று ஸ்ரீநகரின் பாந்த்ரத்தன் பகுதியில் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐவர் ஒரே வீட்டில் மூச்சுத்திணறி இறந்தனர். வெப்பமூட்டும் கருவியின் புகையே காரணமெனக் கருதப்பட்டது. இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம் இளைஞர்கள் அடுத்த மாதம் கொடைக்கானல் செல்கின்றனர். அங்கும் வாட்டுக்கறி அடுப்பின் தணலை அறைக்குள் வைத்து உறங்கி உயிரிழந்தோர் உண்டு. தணலை வெளியே வைத்துவிட்டு, இரண்டு கம்பளிகளைக் கூடுதலாக எடுத்துச் செல்லட்டும். பள்ளிவாசல் அலமாரியில் நான்கு இருக்கின்றன. முஅத்தினிடம் கேட்டால் தருவார்.